கார் சீட்டுக்கு எண்ணெய் வைக்காதீர்கள்

தாம்பரத்தில் இருந்து ஒரு பெரியவர் தன் காரை எடுத்துக்கொண்டு எங்கள் குஷன் கடைக்கு வந்தார். பத்து வருடம் ஓடிய வண்டி, பெய்ஜ் நிற லெதர் சீட். கதவைத் திறந்ததுமே தேங்காய் எண்ணெய் வாசனை. டிரைவர் சீட்டின் வலது ஓரம் கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தது. கையை வைத்து எடுத்தால் விரலில் ஒட்டியது.

"மாசம் ஒரு தடவை எண்ணெய் தேய்ச்சு விடறேன் தம்பி. தோலு காயக்கூடாதுல்ல? எங்க அப்பா புதுச் செருப்பு வாங்கினா விளக்கெண்ணெய் தடவி ஊற வெச்சுத்தான் போடுவார்" என்றார்.

செருப்பைப் பொறுத்தவரை அவர் அப்பா செய்தது முழுக்கச் சரி. கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்த தோல் சால், மாட்டு வண்டி வார், தடித்த தோல் செருப்பு எல்லாவற்றுக்கும் நம் ஊரில் எண்ணெய் போட்டுத்தான் வைத்திருந்தார்கள். அவை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல். மேலே எந்தப் பூச்சும் கிடையாது. நார் நேரடியாக வெளியே இருக்கும், எண்ணெய் வைத்தால் குடித்துக்கொள்ளும்.

கார் சீட்டுக்கு வரும் தோலை வேறு மாதிரி செய்கிறார்கள். குரோமிய உப்பிலோ, குரோமியம் சேராத வேறு ரசாயனத்திலோ பதனிட்டு, தோல் ஈரமாக டிரம்மில் சுழலும்போதே மென்மைக்கு வேண்டிய எண்ணெயை நாருக்குள் ஏற்றிவிடுவார்கள். காய்ந்த பிறகு மேலே நிறம் பூசுவார்கள். அதற்கும் மேலே பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கில் ஒரு காப்புப் பூச்சு. சீட்டுத் தோல் மொத்தமே 1 மில்லிமீட்டரில் இருந்து 1.2 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதன் மேல் இருக்கும் பூச்சு ஏறக்குறைய ஒரு தலைமுடி தடிமன். பத்து வருடமும் நம் கையும் முதுகும் தொட்டுக்கொண்டிருப்பது அந்தப் பூச்சைத்தான்.

இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நிறம் போனது, வெடித்தது, தேய்ந்தது என்று கடைக்கு வரும் சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் அடியில் இருக்கும் தோல் நன்றாகவே இருக்கிறது. போனது பூச்சு மட்டும். பூச்சு நன்றாக இருக்கும் இடத்தில் வைக்கிற எண்ணெய் உள்ளே இறங்காது. மேலேயே நின்று தூசியை இழுத்து ஒட்டவைக்கும். தையல் ஓட்டை வழியாகவும் வெடிப்பு வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பூச்சின் பிடிப்பைத் தளர்த்தும். பெரியவரின் சீட்டில் நடந்தது அதுதான். தோலைக் காப்பாற்ற நினைத்து, தோலைக் காப்பாற்றிக்கொண்டிருந்த பூச்சை அவரே கரைத்துக்கொண்டிருந்தார். அதைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. அக்கறை இல்லாமல் விட்டவர்களின் சீட்டைவிட, அக்கறையாக எதையாவது தடவியவர்களின் சீட்டுதான் எங்கள் கடைக்கு மோசமான நிலையில் வருகிறது. இந்தக் கட்டுரையை எழுதவே அதுதான் காரணம்.

முதலில் அது தோல்தானா?

நம் ஊரில் ஓடும் கார்களில் 'லெதர் சீட்' என்று சொல்லப்படுவதில் நிறைய, லெதரெட். ரெக்சின் என்றால் எல்லோருக்கும் புரியும். துணிமேல் பிவிசி அல்லது பாலியூரித்தேன் ஏற்றியது. வாங்கும்போது கொடுத்த பிரசுரத்தை எடுத்துப் பாருங்கள். லெதரெட், லெதர் போன்ற, பிரீமியம் அப்ஹோல்ஸ்டரி என்றெல்லாம் இருந்தால் அது தோல் கிடையாது. உண்மையான லெதர் சீட் வந்த வண்டியிலும் உட்காரும் இடமும் சாயும் இடமும் மட்டும் தோலாக இருக்கும். பக்கவாட்டும் முதுகுப்புறமும் ரெக்சினாக இருப்பது சாதாரணம்.

நெருப்பு வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், வேண்டவே வேண்டாம். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து, மடித்து விட்ட ஓரத்தைத் தேடுங்கள். வெட்டிய ஓரம் மெல்லிய நார் நாராகப் பஞ்சு போல இருந்தால் தோல். பின்பக்கம் நெய்த துணியோ வலை போன்ற பின்னலோ தெரிந்தால் ரெக்சின். வாசனையை நம்பாதீர்கள். அதைத் தனியாகவே சேர்க்க முடியும்.

ஏன் இது முக்கியம்? பாலியூரித்தேன் லெதரெட் ஈரக்காற்றில் வருடக்கணக்கில் இருந்தால் அந்தப் படலமே சிதைகிறது. வெயிலில் வெந்த தோல் உரிவது மாதிரி செதில் செதிலாகக் கிளம்பும். சென்னை மாதிரி கடலோர ஊரில் இதை நிறையப் பார்க்கிறோம். அப்படி உரிய ஆரம்பித்ததைச் சரிசெய்ய வழியில்லை. எந்தப் பூச்சும் நிற்காது, ஏனென்றால் அதைப் பிடித்துக்கொள்ள அடியில் எதுவும் மிச்சமில்லை. அந்தப் பகுதியை மாற்றித் தைப்பதுதான் ஒரே வழி. பிவிசி ரெக்சினில் கதை வேறு. அதை வளைய வைக்கும் எண்ணெய்ப் பொருள் வெயிலில் மெதுவாக வெளியேறி, கடைசியில் விறைத்து வெடிக்கும். இரண்டுக்கும் லெதர் கண்டிஷனர் வாங்கிப் பூசுவது வீண் செலவு. சுத்தமாக வைத்துக்கொள்வதும் வெயிலில் இருந்து மறைப்பதும் மட்டுமே செய்யக்கூடியவை.

பளபளப்பு அழுக்கு

தோல்தான் என்று உறுதியானால், அடுத்து ஸ்டீயரிங்கைப் பாருங்கள். புது வண்டியில் லெதர் ஸ்டீயரிங் மங்கலாக, மினுமினுப்பே இல்லாமல் இருக்கும். இப்போது கை படும் இடத்தில் பளபளவென்று இருக்கிறதா? தேய்ந்து மெருகேறிவிட்டது என்று நினைப்பீர்கள். அது வியர்வையும் கைப்பசையும் தூசியும் சேர்ந்து படிந்த படலம். 'ஸ்டீயரிங் தோல் போயிடுச்சு, மாத்தணும்' என்று வருகிற வண்டிகளில் பலவற்றை அரை மணி நேரம் சுத்தம் செய்து மட்டுமே திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

செய்முறை எளிது. லெதருக்கென்று விற்கும், காரம் இல்லாத கிளீனரை வாங்குங்கள். தோல் இயல்பாகவே லேசான அமிலத் தன்மை கொண்டது. துணி சோப்பும் பாத்திர சோப்பும் காரம் பக்கம் சாய்ந்தவை. ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது, ஆனால் வெடிப்பு வழியாக நாருக்குள் போய்த் தங்கினால் தோல் விறைக்கும். முதலில் மடிப்புகளிலும் தையல் ஓரத்திலும் இருக்கும் மணலை வாக்குவம் போட்டு எடுத்துவிடுங்கள். மணலோடு தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் அதுவும் ஒன்றுதான். பிறகு சீட்டுக்கு அடியில் கண்ணுக்குப் படாத ஓரிடத்தில் கிளீனரைச் சோதித்துப் பாருங்கள். நிறம் துணியில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கிளீனரை நேராகச் சீட்டில் ஊற்றக் கூடாது. மென்மையான பிரஷ்ஷில் நுரையாக எடுத்து, இரண்டு கை அகல இடமாகப் பிரித்து, வட்டமாக லேசாகத் தேய்த்து, நுரை காய்வதற்குள் ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். துணி வெள்ளையாக இருக்கட்டும். எவ்வளவு அழுக்கு வருகிறது என்று தெரியும், எப்போது போதும் என்றும் தெரியும். சின்னச் சின்னத் துளை போட்ட சீட் என்றால் இன்னும் கவனம் தேவை. அந்தத் துளைகளுக்கு அடியில் காற்று விசிறி, ஒயர், ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் சென்சார் எல்லாம் இருக்கலாம். பிரஷ்ஷை விட்டுவிட்டு, பிழிந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

கறைகளில் நம் வீட்டுக்கென்றே சில உண்டு. ஆயுத பூஜை முடிந்த வாரம் சந்தனமும் குங்குமமும் காய்ந்து பிடித்த ஸ்டீயரிங்குகள் வரிசையாக வரும். பெய்ஜ் தோலில் குங்குமச் சாயம் இறங்கிவிட்டால் எடுப்பது பெரும்பாடு. பொட்டை முன் கண்ணாடியிலோ, வெளியே பானெட்டிலோ வையுங்கள். ஸ்டீயரிங்கில்தான் வைக்க வேண்டும் என்றால் அன்று மாலையே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். மஞ்சள் கறைக்கு மட்டும் பயப்பட வேண்டாம். மேலே இருப்பதைச் சுத்தம் செய்துவிட்டு விட்டுவிடுங்கள். மஞ்சளின் நிறம் வெயில் வெளிச்சத்தில் தானாக வெளுத்துவிடும். புது ஜீன்ஸில் இருந்து ஏறும் நீலமும், கருப்பு பெல்ட்டின் சாயமும் உடனே துடைத்தால் போகும், மாதக்கணக்கில் விட்டால் பூச்சுக்குள் இறங்கிவிடும்.

எது கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டும் பூச்சைக் கரைத்துவிடும். 'மேஜிக்' ஸ்பாஞ்ச் என்று விற்பது உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள். கறையோடு காப்புப் பூச்சையும் சுரண்டும். கைக்குப் போடும் சானிடைசர் ஈரமாக இருக்கும்போதே ஸ்டீயரிங்கைப் பிடிப்பது கொரோனா காலத்தில் வந்த பழக்கம். அந்த இரண்டு வருடத்தில் ஒரு மருத்துவமனை ஊழியரின் வண்டியில், கை பிடிக்கும் இரண்டு இடமும் நிறம் கரைந்து சாம்பலாகியிருந்ததைப் பார்த்தேன். கை காய்ந்த பிறகு தொட்டால் போதும். கொசுவுக்குத் தடவும் கிரீமிலும் பூச்சைக் கரைக்கும் ரசாயனம் உண்டு. இதைப் பலர் நம்புவதே இல்லை. டயருக்கும் டாஷ்போர்டுக்கும் போடும் சிலிக்கான் பாலிஷை ஸ்டீயரிங்கில் போடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கை வழுக்கும். திடீரென்று ஒடிக்க வேண்டிய இடத்தில் பிடி நழுவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெடல் ரப்பருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நிறம் கொடுப்பது

சுத்தம் செய்து ஒரு இரவு காயவிட்ட பிறகு, தேய்ந்த இடத்தில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டு முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது, நிறம் கொடுக்கும் வேலை தேவையில்லை. அந்த இடம் ஒன்றிரண்டு நிமிடத்தில் கறுத்தால் நார் வெளியே வந்துவிட்டது. டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரத்தில்தான் பெரும்பாலும் இப்படி ஆகும், ஏறி இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் அதில்தான் உரசுகிறோம். உள்ளங்கை அளவுக்குள் என்றால் வீட்டிலேயே செய்யலாம்.

லெதருக்கான நிறம் தண்ணீரை அடிப்படையாகக் கொண்டதாக, வளைந்தால் வெடிக்காததாக இருக்க வேண்டும். ஷூ பாலிஷ் நிறம் தரும், ஆனால் அது மெழுகு. உங்கள் வெள்ளைச் சட்டையின் முதுகில் ஏறிவிடும். கார் மாடலையும் உள்ளலங்கார நிறக் குறியீட்டையும் சொன்னால் கலந்து தரும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கிடைக்காவிட்டால், தேயாத இடத்தின் நிறத்தோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுக் கலக்க வேண்டும். கடை டியூப் லைட்டில் சரியாகத் தெரிந்தது வெயிலில் பச்சையடிக்கும். பெய்ஜில் இது அடிக்கடி நடக்கும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம் என்பதால் ஒரு துண்டுத் தாளில் பூசிக் காயவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பூசுவதற்கு முன் எண்ணெய்ப் பசை எடுப்பதுதான் இந்த வேலையின் உயிர். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, தேய்ந்த இடத்தையும் அதைச் சுற்றி இரண்டு விரல் அகலமும் துடையுங்கள். துணியை மாற்றி மாற்றி, கடைசித் துணி சுத்தமாக வரும்வரை துடைக்க வேண்டும். சானிடைசரில் இருப்பதும் ஆல்கஹால்தான், மேலே அது கெடுதல் என்று சொல்லிவிட்டு இப்போது அதையே சொல்கிறேனே என்று தோன்றலாம். இங்கே எப்படியும் புதுப் பூச்சு போடப்போகிறோம், அதனால்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்கு ஸ்டீயரிங் நிறம் கொடுத்தேன். பசையை ஒரே தடவை துடைத்துவிட்டுப் போதும் என்று நினைத்தேன். மூன்று வாரத்தில் பாம்புச் சட்டை மாதிரி உரிந்துகொண்டு திரும்பி வந்தது. அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, முழுதாகச் சுரண்டி மறுபடி செய்தேன். அன்றிலிருந்து ஸ்டீயரிங் என்றால் குறைந்தது மூன்று தடவை துடைப்பேன். கண்டிஷனர் போட்ட சீட்டிலும் நிறம் பிடிக்காது. கண்டிஷனர் போடுவதாக இருந்தால் எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு, அதுவும் கொஞ்சமாக.

பிறகு 1000 நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு தடவல், சொரசொரப்பான ஓரங்கள் படியும் அளவுக்கு மட்டும். தூசியைத் துடைத்துவிட்டு, மெல்லிய வெடிப்பு இருந்தால் அதை நிரப்பும் லெதர் பட்டியை நகத்தால் தடவுவது போல மெல்லியதாக வைத்துக் காயவிட்டு, மறுபடி வைக்க வேண்டும். ஒரே தடவையில் தடிமனாக அப்பினால் உட்கார்ந்ததும் வெடிக்கும். கிழிசலை உடனடியாக ஒட்டும் பசையால் ஒட்டாதீர்கள். அது கண்ணாடி மாதிரி இறுகி, பக்கத்துத் தோலை அறுத்துக் கிழிசலை நீட்டிவிடும்.

நிறத்தைப் பிரஷ்ஷால் இழுக்காமல், ஸ்பாஞ்சில் தொட்டு ஒற்றி ஒற்றி வையுங்கள். முதல் பூச்சைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும், திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துக் காயவைத்துவிட்டு அடுத்தது. நான்கு, ஐந்து, சில நேரம் ஆறு மெல்லிய பூச்சு வரை போகும். ஓரத்தில் நிறத்தைக் குறைத்துக்கொண்டே போனால் எங்கே ஆரம்பித்தது என்று தெரியாது. தையல் நூல் வேறு நிறத்தில் இருந்தால், ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் ஈரத்துணியால் நூலை மட்டும் துடைத்துவிடுங்கள். கடைசியாக மங்கல் ரகக் காப்புப் பூச்சு இரண்டு தடவை. இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம். இது இல்லாவிட்டால் நிறம் ஒரு மாதம்கூடத் தாங்காது. இதோடு கலக்கச் சொல்லிக் கொடுக்கும் கெட்டிப்படுத்தும் திரவத்தைத் தொடும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நான்கு கதவையும் திறந்து வையுங்கள். மூடிய வண்டிக்குள் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யவே கூடாது. குறைந்தது ஒரு முழு நாள் யாரும் உட்காராமல் விடுங்கள். ஒரு வாரத்துக்கு ஈரத்துணி வேண்டாம்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

சீட்டின் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்று சின்னப் பட்டை தைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத் தையலில் ஒன்று, விபத்தின்போது கண்ணிமைக்கும் நேரத்தில் பிரிந்து ஏர்பேக் வெளியே வருவதற்காகவே தைத்த தையல். அதன்மேல் பட்டி, பசை, தடிமனான நிறம் எதுவும் படக் கூடாது. நூல் பிரிந்திருந்தாலும் வீட்டிலோ, சாதாரணக் குஷன் கடையிலோ தைக்கக் கூடாது. நாங்களும் தைக்க மாட்டோம், கம்பெனி சர்வீஸுக்குத்தான் அனுப்புகிறோம். ஸ்டீயரிங்கைக் கழற்றி வைத்து வேலை செய்யலாம் என்றும் நினைக்காதீர்கள், நடுவில் இருப்பதும் ஏர்பேக்தான்.

இதே காரணத்தால்தான், தேய்ந்த சீட்டை மறைக்க முழுக் கவர் போட வருபவர்களிடம் பக்கவாட்டு ஏர்பேக் உண்டா என்று கேட்கிறோம். அதற்கேற்ற தையல் இல்லாத கவர் ஏர்பேக்கைத் தடுத்துவிடும். கவருக்குள் சிக்கும் மணலும் வியர்வையும் அடியில் இருக்கும் நல்ல தோலையும் தேய்க்கும். கவரைக் கழற்றிப் பார்த்துவிட்டு வருத்தப்படுபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியும் வீட்டு வேலை கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடிந்த பிறகு வந்த வண்டிகளில், சீட்டின் மேல்பக்கம் பார்க்க நன்றாக இருந்தது. ஃபோம் உள்ளே நாறியது. சீட்டைக் கழற்றி, ஃபோமையும் தோலையும் தனித்தனியாக நிழலில் மெதுவாகக் காயவைக்க வேண்டும். நனைந்த தோலை வெயிலிலோ சூடான காற்றிலோ வைத்தால் சுருங்கி அப்பளமாகிவிடும். வெறுமனே மூடிக் கிடந்த வண்டியில் வெள்ளையாகப் பூத்திருக்கும் பூஞ்சை என்றால் பயம் இல்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு, கதவுகளைத் திறந்து வைத்து, உலர்ந்த துணியால் துடைத்து வெளியே உதறி, பிறகு கிளீனர் போடலாம்.

தினசரி பாதுகாப்புக்கு வாங்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், முன் கண்ணாடிக்கு ஒரு வெயில் மறைப்பு. சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸை நெருங்கும். பூச்சு காய்ந்து வெடிப்பதற்கு அந்தச் சூடும் வெயிலின் புற ஊதாக் கதிரும் முக்கியக் காரணம். மாதம் ஒரு முறை பிழிந்த ஈரத்துணி, மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை கிளீனர். அதற்கு மேல் தோல் எதையும் கேட்பதில்லை.

தாம்பரத்துப் பெரியவரின் சீட்டை மூன்று நாள் வைத்திருந்தோம். எண்ணெய் எடுக்கவே இரண்டு நாள் போனது. வலது ஓரத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் நிறம் கொடுத்தோம், மற்ற இடங்களுக்குச் சுத்தம் செய்ததே போதுமாக இருந்தது. தலை சாய்க்கும் இடத்தில் இப்போது ஒரு பருத்தித் துண்டு போட்டுக்கொள்கிறார், தலைக்கு வைக்கும் எண்ணெயை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. சாயும் இடத்தின் நடுவில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு லேசான நிழல் இருக்கிறது. வெடிப்பு வழியாக நாருக்குள் இறங்கிவிட்ட எண்ணெய் அது. வெளியே எடுக்க முடியாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.